கர்ப்ப காலத்தில் உடலில் சேரும் வேதிப்பொருள்களால் பிறக்கும் குழந்தைக்கு ஆஸ்துமா வருமா?

கேள்வியின் சுருக்கம்: "எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. இப்போது நான்காம் மாதம். ஷாம்பூ, கிரீம் போன்றவற்றில் சேர்க்கப்படும் பாராபென் கர்ப்பிணியின் உடலில் இருந்தால் குழந்தைக்கு ஆஸ்துமா வருவதாக ஜப்பானில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்தேன். வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கிப் போட வேண்டுமா? இன்ஹேலரும் இரசாயனம்தானே, அதையும் பிரசவம் வரை நிறுத்திவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். மற்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள ஆதாரத்தின் வலு வேறு வேறு என்பதால், அதைத் தரம் பிரித்துப் பார்க்காமல் "இரசாயனம்" என்ற ஒரே மூட்டையில் கட்டினால் வீண் பயமோ வீண் அலட்சியமோதான் மிஞ்சும்.

கருவில் இருக்கும் காலம் ஏன் இவ்வளவு கவனிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நுரையீரலின் மூச்சுக்குழாய்க் கிளைகள் ஏறத்தாழ 16, 17 வாரங்களுக்குள் பிரிந்து முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு அவை நீளமும் அகலமும் பெறுமே தவிர, புதிய கிளை உண்டாவதில்லை. காற்று நுண்ணறைகள் கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் உருவாகத் தொடங்கிப் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் பெருகிக்கொண்டே போகின்றன. நோயெதிர்ப்பு அமைப்பும் இதே காலத்தில்தான் பழகுகிறது: கருப்பையில் அது ஒவ்வாமை வகை எதிர்வினையின் பக்கம் சற்றே சாய்ந்திருந்து, பிறந்த பின் பலவகை நுண்ணுயிர்களைச் சந்தித்துப் படிப்படியாகச் சமநிலைக்கு வருகிறது. ஆகவே தாயின் இரத்தத்தில் வந்து நஞ்சுக்கொடியைக் கடக்கும் ஒரு பொருள், பெரியவர்களிடத்தில் எந்தத் தடயமும் விடாத அளவில் இருந்தாலும், உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்பில் நிலையான மாற்றத்தை ஏற்படுத்த வாய்ப்புண்டு என்பது ஆய்வாளர்களின் அடிப்படை எண்ணம்.

இந்த எண்ணத்தை மனிதர்களிடம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவற்றுள் எனக்கு மிக நெருக்கமானது நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 1998-இல் தொடங்கிய ஆய்வு. ஃப்ரெடரிக்கா பெரேரா தலைமையில் நடந்த அதில் வடக்கு மன்ஹாட்டனிலும் தெற்கு பிராங்க்ஸிலும் வசித்த, புகைபிடிக்காத கறுப்பினக் கர்ப்பிணிகளும் டொமினிக்கன் வம்சாவளிக் கர்ப்பிணிகளும் சேர்க்கப்பட்டனர். அந்த வட்டாரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து மத்திய ஹார்லெமில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது. டீசல் பேருந்துகள் நிறுத்தும் பணிமனைகள், கனரக எண்ணெயை எரித்துச் சூடேற்றப்பட்ட பழைய குடியிருப்புகள், கரப்பான் பூச்சிகளை ஒழிக்க ஓயாமல் அடிக்கப்பட்ட பூச்சிமருந்து ஆகிய எல்லாமே அங்கு ஒன்றாகக் கூடியிருந்தன.

ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு தாயும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 48 மணி நேரம் ஒரு முதுகுப்பையைச் சுமந்துகொண்டு நடமாடினார். பகலில் வேலைக்கும் கடைக்கும் அதையே மாட்டிச் சென்று, இரவில் கட்டிலருகே வைத்துக்கொண்டார். பைக்குள் இருந்த சிறிய பம்ப், அவர் மூச்சுவிடும் உயரத்தில் இருந்த காற்றை இடைவிடாமல் இழுத்தது. தூசுத் துகள்கள் குவார்ட்ஸ் வடிகட்டியிலும், ஆவியாக இருந்தவை அதன் பின்னாலிருந்த நுரைப்பஞ்சிலும் பிடிபட்டன. பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தம் எடுக்கப்பட்டது. குழந்தைகள் பள்ளி வயதைத் தாண்டும் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். நகரின் ஏதோ ஒரு மூலையில் வைத்த கருவியின் அளவைக் கொண்டு எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போடும் ஆய்வுகளை நிறையப் படித்துச் சலித்தவர்களுக்கு, இந்தப் பையின் அருமை தெரியும்.

அதில் கிடைத்தவை எளிமையான முடிவுகளாக இல்லை. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை எடுத்துக்கொள்வோம். கருவில் இருந்தபோது அவற்றுக்கு ஆளான குழந்தைகளுக்கு, பிறந்த பின் வீட்டில் சிகரெட் புகையும் சேர்ந்தபோதுதான் ஒரு வயதில் இருமலும் இளைப்பும் அதிகமாகவும், இரண்டு வயதில் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று சொல்லத்தக்க அறிகுறிகள் அதிகமாகவும் இருந்தன. கருவில் விழுந்த அடி, பிறந்த பின் விழும் அடியோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பிரசவத்துக்குப் பிறகு வீட்டில் யார் புகைக்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் வருகிறது என்பது நடைமுறையில் இதன் பொருள்.

நீங்கள் அஞ்சும் வகையைச் சேர்ந்த பொருள்களான தாலேட்டுகள் பற்றி இதே ஆய்வுக் குழுவிலிருந்து ராபின் வயட், ரேச்சல் மில்லர் முதலானோர் 2014-இல் வெளியிட்ட கட்டுரை உலகம் முழுதும் பேசப்பட்டது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கவும், நகப்பூச்சு, வாசனைப் பொருள்கள் போன்றவற்றிலும் பயன்படும் பொருள்கள் இவை. 300 குழந்தைகளை 5 முதல் 11 வயது வரை கவனித்து, இளைப்பு இருப்பதாகப் பெற்றோர் சொன்னவர்களை ஒவ்வாமை மருத்துவரே நேரில் சோதித்து, 94 பேருக்கு ஆஸ்துமா இருப்பதை உறுதிசெய்தார்கள். கர்ப்பத்தில் பியூட்டைல் பென்சைல் தாலேட், டைபியூட்டைல் தாலேட் ஆகியவற்றின் சிதைவுப் பொருள்கள் சிறுநீரில் மிக அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட ஆஸ்துமா அபாயம் முறையே 72, 78 சதவீதம் கூடுதலாக இருந்தது. முதலாவது வினைல் தரைவிரிப்பிலும் செயற்கைத் தோலிலும், இரண்டாவது நகப்பூச்சு போன்ற அழகுப் பொருள்களிலும் பயன்பட்டு வந்தவை. தாலேட்டுகளிலேயே அதிகம் பழிசுமத்தப்படும் டி.இ.எச்.பி. என்ற பொருளுக்கும் ஆஸ்துமாவுக்கும் அதே ஆய்வில் தொடர்பு தென்படவில்லை என்பதைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிட்டன.

சில வகைக் கெட்டி பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் பிஸ்பீனால் ஏ விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். சின்சினாட்டியில் நடந்த ஆய்வில் கர்ப்பத்தில் அது அதிகம் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தில் இளைப்பு கூடுதலாக இருந்து, மூன்று வயதில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நியூயார்க் ஆய்விலோ, கர்ப்ப காலத்து அளவு அதிகமாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் இளைப்பு குறைவாகவே இருந்தது. பிறந்த பின் குழந்தையின் உடலில் இருந்த அளவுதான் இளைப்போடு சேர்ந்து போனது. பிஸ்பீனால் ஏ நுரையீரலைக் காக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே பொருளுக்கு எதிரெதிரான முடிவுகள் வரும் இடத்தில் நம் அளவீடுகளோ புரிதலோ இன்னும் போதவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் படித்த ஜப்பான் செய்திக்கு வருகிறேன். 2011 முதல் 2014 வரை சுமார் ஒரு இலட்சம் கர்ப்பிணிகளைச் சேர்த்த நாடளாவிய தொடர் ஆய்வு ஒன்று அங்கு நடந்து வருகிறது. அதிலிருந்து குமாமோட்டோ பல்கலைக்கழகத்தினர் ஏறத்தாழ 3,500 தாய்-சேய் இணைகளை எடுத்து, தாயின் சிறுநீரில் 24 வகை பீனால்களை (பாராபென்களும் சேரும் வேதிப்பொருள் குடும்பம் இது) அளந்து, குழந்தையின் நான்காம் வயதில் ஆஸ்துமா உண்டா என்று பார்த்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் பாராபென்களில் ஒன்றான பியூட்டைல்பாராபென் அதிகம் இருந்தவர்களின் பிள்ளைகளிடம் ஆஸ்துமாவுக்கான வாய்ப்பு விகிதம் 1.54 மடங்காக இருந்தது. சில சோப்பு வகைகளிலிருந்தும் பிளாஸ்டிக்குகளிலிருந்தும் வரும் நோனைல்பீனால், ஆண் குழந்தைகளிடம் 2.09 மடங்கு என்ற தொடர்பைக் காட்டியது. பெண் குழந்தைகளிடம் அந்தத் தொடர்பே இல்லை.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? ஒரு கணக்குக்காக, நூறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு ஆஸ்துமா வரும் ஊர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு விகிதம் 1.54 மடங்கானால் அந்தப் பத்து, பதினான்கு அல்லது பதினைந்தாகும். மீதி எண்பத்தைந்து குழந்தைகளுக்கு, தாய் எந்த ஷாம்பூவைப் பயன்படுத்தியிருந்தாலும், ஆஸ்துமா வராது. தொடர்பு உண்மையிலேயே காரணத் தொடர்பாக இருந்தால்தான் இந்தக் கூடுதல் நான்கைந்து பேர் என்ற கணக்கும் செல்லும். ஒரு நாட்டின் பொது சுகாதாரத்துக்கு நான்கைந்து சதவீதம் பெரிய விஷயம். உங்கள் ஒரு குழந்தையைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல அது உதவாது.

காரணத் தொடர்புதானா என்பதில் எனக்குள்ள தயக்கங்களையும் சொல்ல வேண்டும். பாராபென்களும் தாலேட்டுகளும் உடலில் தங்குபவை அல்ல. பெரும்பகுதி ஒரு நாளைக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். எனவே ஒரு தடவை எடுத்த சிறுநீர் மாதிரி, நேற்றுத் தலைக்குக் குளித்தீர்களா என்பதைச் சொல்லுமே தவிர, ஒன்பது மாத வாழ்க்கையைச் சொல்லாது. இரண்டாவதாக, 24 பொருள்களை அளந்து, ஆண் பெண் என்று தனித்தனியாகவும் பிரித்துப் பார்த்தால், தற்செயலாகவே ஒன்றிரண்டு தொடர்புகள் மேலெழும்பிவிடும். மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: தோல் ஒவ்வாமையோ எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சியோ உள்ள பெண்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கிரீமும் களிம்பும் பூசக்கூடும். அவற்றில் பாராபென் இருந்தால் அவர்கள் சிறுநீரிலும் இருக்கும். ஒவ்வாமைத் தன்மை பரம்பரையாகப் பிள்ளைக்கும் போகும். அப்படியானால் கிரீம் குற்றவாளியா, சாட்சியா என்பது தெளிவாகாது. தாயின் ஒவ்வாமையைக் கணக்கில் கழித்துத்தான் ஆய்வாளர்கள் விடை காண்கிறார்கள் என்றாலும், அந்தக் கழித்தல் ஒருபோதும் முழுமையாக இருப்பதில்லை.

குழந்தையின் வயதும் முக்கியம். அரிசோனாவின் டூசான் நகரில் 1980-களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வில், மூன்று வயதுக்குள் இளைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் அது இல்லாமல் போயிருந்தது. ஆகையால் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தையின் இளைப்பை மட்டும் வைத்து "ஆஸ்துமா" என்று முடிவுகட்டும் ஆய்வுகளைவிட, பள்ளி வயது வரை தொடரும் ஆய்வுகளுக்கே நான் அதிக மதிப்பளிப்பேன்.

இத்தனை தயக்கங்களுக்குப் பிறகும் தாலேட் பற்றிய கவலையை நான் புறந்தள்ளாததற்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் நடந்த வேலை ஒரு காரணம். அங்கும் ஒரு தாய்-சேய் தொடர் ஆய்வில் நியூயார்க் ஆய்வு சுட்டிய அதே பியூட்டைல் பென்சைல் தாலேட்டின் சிதைவுப் பொருளுக்கும் குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு தென்பட்டது. அதோடு நிற்காமல், அதிகம் ஆளான தாய்மாரின் சிறுநீரில் கண்ட அளவுக்கு ஈடான அளவு வரும்படி கர்ப்பிணிச் சுண்டெலிகளுக்கு அதே பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகளின் மூச்சுக்குழாயில் ஒவ்வாமை அழற்சி கூடியது. ஒவ்வாமையைத் தூண்டும் வெள்ளணுக்கள் பெருகாமல் அடக்கிவைக்கும் ஒரு மரபணு, டி.என்.ஏ.வின் மீது ஒட்டிக்கொண்ட மெத்தில் என்ற வேதிக் குறிகளால் முடக்கப்பட்டிருந்தது. இந்த முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. வேறு வேறு இரு நகரங்களில் ஒரே பொருள் சிக்குவதும், விலங்கில் அதற்கு ஒரு செயல்வழி தெரிவதும் சேரும்போது ஆதாரம் ஒரு படி உயர்கிறது. பியூட்டைல்பாராபெனுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

எல்லாவற்றையும்விட உறுதியான ஆதாரம் புகையிலைக்குத்தான் இருக்கிறது. தாய் புகைப்பதாலும் அருகிலிருப்பவரின் புகையை மூச்சில் இழுப்பதாலும் பிள்ளையின் நுரையீரல் திறன் பிறக்கும்போதே குறைந்திருப்பதும், இளைப்பும் ஆஸ்துமாவும் கூடுவதும் பல நாடுகளில், பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், புகையை விட முடியாத கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 500 மி.கி. வைட்டமின் சி கொடுத்தபோது, ஒரு வயதுக்குள் இளைப்பு வந்த குழந்தைகள் 40 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தார்கள். புகைக்காதவர்கள் வைட்டமின் சி விழுங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. சேதம் கருப்பையில்தான் நடக்கிறது என்பதையும், அதை ஓரளவு தடுக்க முடியும் என்பதையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையில் காட்டியதாலேயே அது முக்கியமானது. பாராபெனுக்கோ தாலேட்டுக்கோ அப்படியொரு சோதனை இல்லை.

துப்புரவுப் பொருள்கள் இடைநிலையில் வருகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 1992 வாக்கில் தொடங்கிய பெரிய தொடர் ஆய்வில், பிளீச், கிருமிநாசினி, வாசனை ஸ்பிரே, பெயின்ட், பூச்சிமருந்து போன்றவற்றைக் கர்ப்பத்தில் மிக அதிகமாகப் பயன்படுத்திய பத்து சதவீதத்தினரின் குழந்தைகளுக்கு மூன்றரை வயது வரை விடாமல் இளைப்பு நீடிப்பதற்கான வாய்ப்பு இருமடங்குக்கும் மேலாக இருந்தது. ஜப்பானியத் தொடர் ஆய்விலும், வேலையிடத்தில் கிருமிநாசினியைத் தினமும் கையாண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் ஆஸ்துமா வாய்ப்பு சுமார் கால் பங்கு கூடியிருந்தது. நீங்கள் மருத்துவமனையிலோ ஆய்வுக்கூடத்திலோ அழகு நிலையத்திலோ வேலை செய்பவராக இருந்தால், குளியலறை அலமாரியைவிட வேலையிடத்தைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்: கையுறை, சன்னல், முடிந்தால் அந்தப் பிரிவிலிருந்து தற்காலிக மாற்றம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், பலன் அதிகமுள்ளதிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது. வாசலில் நின்று புகைத்துவிட்டு உடனே உள்ளே வருவதும் சரியல்ல. கொசுவர்த்திச் சுருளை விட்டுவிட்டு வலை கட்டிக்கொள்ளுங்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களை அளந்தவர்கள் 2003-இல் எழுதினார்கள். குழந்தைக்காக அறைக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் நீங்கள் அங்கு இல்லாதபோது அடித்து, வாடை போகும் வரை திறந்து வையுங்கள். சூடான உணவுக்குப் பிளாஸ்டிக்கை விட எவர்சில்வரும் கண்ணாடியும் மேல். வாசனை ஸ்பிரே தேவையே இல்லாத பொருள். நகப்பூச்சைச் சில மாதம் தள்ளிப்போடலாம். ஷாம்பூவும் கிரீமும் தீர்ந்த பிறகு, பாராபென் இல்லாத, வாசனை குறைந்த ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும். இருப்பதைக் குப்பையில் போடும் அளவுக்கு அவசரம் இல்லை. ஜப்பான் ஆய்வு சுட்டியது கர்ப்பத்தின் தொடக்கத்தை. அந்தக் கட்டம் உங்களுக்குக் கடந்துவிட்டது. அப்போது எதைப் பூசினோம் என்று திரும்பிப் பார்த்து நொந்துகொள்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தனி ஒரு தாயால் கட்டுப்படுத்த முடிந்தது இவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நியூயார்க் தாய்மார்களின் முதுகுப்பைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து பிடிபட்டது. அந்தத் தாய்மாரில் பலர் அதை அடித்தவர்களே அல்லர். குடியிருப்பை நிர்வகித்தவர்கள் அடித்தது. வீட்டு உபயோகத்திலிருந்து அதை விலக்க 2000-ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்க அரசு உடன்பாடு செய்து, 2001 முடிவுக்குள் விற்பனை நின்றதும், தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு மளமளவென்று சரிந்தது. எந்தத் தாயும் எந்த லேபிளையும் படிக்காமலேயே நடந்த மாற்றம் அது. தாலேட்டுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 2008-இல் குழந்தைகளின் பொம்மைகளிலும் குழந்தைப் பராமரிப்புப் பொருள்களிலும் மட்டும் முக்கியமான சில தாலேட்டுகள் தடைசெய்யப்பட்டன. கருவில் இருக்கும் குழந்தை பொம்மையைச் சப்புவதில்லை. அதற்குத் தாயின் வழியாகத்தான் எல்லாம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம்தான் 2020 ஜூலை முதல் நான்கு தாலேட்டுகளைப் பொதுவான நுகர்பொருள்களிலும் கட்டுப்படுத்தியது.

இன்ஹேலருக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் ஆஸ்துமா ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மோசமாகிறது, ஒருவருக்குக் குறைகிறது, ஒருவருக்கு அப்படியே இருக்கிறது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, குறைப்பிரசவத்தோடும் எடை குறைந்த பிறப்போடும் தாயின் இரத்த அழுத்தக் கோளாறோடும் தொடர்புடையது. உறிஞ்சும் ஸ்டீராய்டுகளில் புடசோனைடு கர்ப்பிணிகளிடம் நீண்ட காலம் பயன்படுத்தப்பட்டு, பாதுகாப்பு பற்றி நிறையத் தரவு உள்ள மருந்து. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு சோதனையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில், ஆஸ்துமா உள்ள 220 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மூச்சுக்குழாய் அழற்சியின் அளவைக் காட்டும், மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளந்து அதற்கேற்ப இன்ஹேலர் மருந்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்தார்கள். 2011-இல் வந்த முடிவுப்படி, கர்ப்பத்தில் ஆஸ்துமா முற்றும் தருணங்கள் அவர்களிடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அந்தக் குழந்தைகளில் 140 பேரை 4 முதல் 6 வயதில் மீண்டும் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் பிள்ளைகளில் 43.2 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா இருந்தது. அளந்து சிகிச்சை பெற்றவர்களின் பிள்ளைகளில் 25.9 சதவீதம்தான். இது சிறிய ஆய்வு; பின்னர் இன்னும் அதிகம் பேரை வைத்து நடந்த சோதனையில் பிரசவ விளைவுகளில் அதே முறைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனாலும் தாயின் மூச்சு சீராக இருப்பது பிள்ளைக்குக் கேடு என்று சொல்லும் ஆதாரம் எதுவும் இல்லை. அடுத்த முறை மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது, இன்ஹேலரைக் கையில் எடுத்துப்போய், நீங்கள் அதை இழுக்கும் முறை சரிதானா என்று அவர் முன்னாலேயே இழுத்துக் காட்டிக் கேளுங்கள். இரவில் இளைப்பால் விழிப்பு வருகிறது என்றால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.